இரண்டு ஜிபியில் பதினான்கு குரல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் இரண்டு ஜிபி. 2005-லேயே இதைச் சொன்னால் சிரித்தார்கள். சென்னையில் மகள் வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துப்போட்ட பெட்டி அது. மரக்காணத்துக்கு வந்து இறங்கியபோதே அதற்கு ஏழு வயது. மானிட்டரின் இடது ஓரம் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. கீபோர்டில் மூன்று எழுத்துகள் தேய்ந்திருந்தன.

நான் முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவன். எண்பத்துநான்கு பாத்திகள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒவ்வொரு பாத்தியிலும் நீரின் கனம் எத்தனை டிகிரி என்று அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் போனது. அதனால் தினமும் காலையில் காபி குடித்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

"பொட்டிக்கு ஜுரம் பாத்தாச்சாங்க?" என்பாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "ஆச்சுன்னா என் சர்க்கரை மாத்திரையையும் எடுத்துக் குடுங்க. நானும் பழைய மெஷின்தான்."

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனது. எங்கள் தெரு மேட்டில் இருந்ததால் தப்பியது. உப்பளம் தப்பவில்லை. எண்பத்துநான்கு பாத்திகளும் வரப்பு கரைந்து ஒரே தகடாகக் கிடந்தன, அதன் மேல் கறுப்புச் சேறு. அந்தப் பருவத்தில் வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். என் கீழே இருபத்திரண்டு வருஷம் உப்புக் கூடை சுமந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகன், இருபத்தாறு வயது, அதே அளத்தில் உப்பு வாருகிறவன். மாசி மாதம் அவன் கோட்டக்குப்பத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக வளைகுடாவுக்குப் போய்விட்டான். போகும் முன் என்னிடம் வந்து என் இமெயில் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டான். அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் போனும் இல்லை. அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்த கேரளாக்காரர் ஒருவர் அவன் பேசுவதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பிவிடுவார் என்று ஏற்பாடு.

முதல் குரல் பங்குனியில் வந்தது. டெலிபோன் லைன் வழியாக இறங்க இருபத்தாறு நிமிடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினோம். நாற்காலியில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்தாள்.

"சார், அவன் எதுல இருக்கான்? டிவியிலயா, கீழ இருக்குற பொட்டியிலயா?"

"பெட்டியிலம்மா."

அவள் பெட்டியின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். குரல் ஓடியது. நல்லா இருக்கேன், சோறு கிடைக்குது, வெயில் நம்ம அளத்தைவிட மோசம், இதுதான் விஷயம். முடிந்ததும் அவள் பெட்டியைப் பார்த்து, "தலைக்கு எண்ணெய் வெக்கிறியாடா?" என்றாள்.

"அது பதில் சொல்லாதுடி. ரேடியோ மாதிரி," என்றாள் மனைவி.

"தெரியும்க்கா. கேட்டு வெக்கிறேன்."

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குரல்கள் வந்தன. அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். புதிது வராத ஞாயிறுகளில் பழையதை முதலிலிருந்து வரிசையாகப் போடச் சொல்வாள். ஒரு குரல் மூன்று எம்பி, நான்கு எம்பி. ஃபிளாப்பியில் அடங்காது. சிடி எழுதும் வசதி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. மெயில் பெட்டியிலும் இடம் குறைவு என்பதால், இங்கே இறங்கியதும் அங்கே அழிந்துவிடும்படி நானே வைத்திருந்தேன். ஆக அவன் குரல் உலகத்தில் இருந்தது எங்கள் வீட்டு மேஜைக்குக் கீழே மட்டும்தான். இதை நான் அப்போதே யோசித்தேன். யோசித்துவிட்டு, மிச்ச இடத்தை எண்ணப் போய்விட்டேன்.

நோட்டில் இப்படி இருக்கிறது. பங்குனி முதல் வாரம், மிச்சம் 168 எம்பி. சித்திரை முடிவில் 131. வைகாசியில் 97. குரல்களின் எடையைக் கழித்துப் பார்த்தால் இவ்வளவு குறையக் கூடாது. நான் வைக்காத எதுவோ இடத்தைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஒரு கடிதம்கூட அடிக்காத நாட்களிலும் காலையில் திறந்தால் முந்தின நாளைவிட அரை எம்பி, ஒரு எம்பி குறைந்திருக்கும்.

முதலில் சீட்டு விளையாட்டுகளை எடுத்தேன். பிறகு என்சைக்ளோபீடியாவை. பிறகு மகள் கல்யாணப் போட்டோக்கள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஆல்பம் இருக்கிறதே என்றேன்.

"ஆல்பத்துல இல்லாத போட்டோ அதுல இருபது இருந்துச்சு," என்றாள் மனைவி.

"பத்தொம்பது."

"எண்ணிட்டுத்தான் அழிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனி மாதம் டிஸ்க்கைச் சோதிக்கும் நிரலை ஓட்டிப் பார்த்தேன். கெட்டுப்போன பகுதி 32,768 பைட் என்று காட்டியது. அடுத்த வாரம் 98,304. அதற்கடுத்த வாரம் 3,27,680. எப்போதும் அந்த முதல் எண்ணின் மடங்காகவே கூடியது. வகுத்துப் பார்த்தால் மீதி வராது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உப்பளத்தில் ஒரு பாத்தி கெட்டால் என்ன செய்வோம்? சுற்றி வரப்பைக் கட்டி ஒதுக்கிவிட்டு மற்றப் பாத்திகளில் வேலையைப் பார்ப்போம். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது, கெட்ட இடத்தைக் குறித்து ஒதுக்குகிறது, மற்ற எண்பத்துமூன்றும் நல்ல பாத்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு நிரல் கண்ணில் பட்டது. டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி அடுக்கும் நிரல். அதை ஓட்டினால் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் விரியும். வெள்ளை, நீலம், இளம்பச்சை. மேட்டு வரப்பில் நின்று காலை வெயிலில் அளத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். ஒவ்வொரு கட்டமாக நிறம் மாறி, சிதறிக் கிடந்தது வரிசையில் போய் உட்காரும். வாரு பலகையால் உப்பை இழுத்துக் கரையோரம் சேர்ப்பது இதுதானே. மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் கொண்டுபோன என் அளம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதை ஓட்டினேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. வாரத்துக்குப் பதினான்கு தடவை. எவ்வளவு வாருகிறோமோ அவ்வளவு இடம் மிஞ்சும் என்று நம்பினேன். நோட்டில் கெட்ட பகுதி ஆடியில் ஏழு எம்பியாக இருந்தது, ஆவணியில் பத்தொன்பது ஆனது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் ஆரம்பித்தது. நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல, டிக். சிறிது நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு இரண்டு தடவை.

பதினோராவது குரல்தான் எல்லாவற்றிலும் நீளமானது. நோட்டில் இருக்கிறது: குரல் 11, 6.1 எம்பி, 4 நிமிடம் 52 விநாடி. பன்னிரண்டு வந்த சமயம் மிச்ச இடம் இரண்டு எம்பி. பதின்மூன்று வந்தால் எங்கே இறக்குவது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். மேலே நின்றது பதினொன்று. அவளுக்கு எது எது என்று தெரியவா போகிறது, இத்தனை முறை கேட்டாகிவிட்டதே என்று நினைத்து அதை எடுத்துவிட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "சார், அந்தப் பெரிய பேச்சைப் போடுங்க."

"எந்தப் பேச்சும்மா?"

"பத்துக்கு அடுத்தது."

அவள் வரிசை வைத்திருப்பாள் என்று நான் எண்ணவே இல்லை. மெஷின் சரியில்லை, அது மட்டும் திறக்க மாட்டேங்குது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "சரி, இருக்குறதப் போடுங்க," என்றாள்.

புரட்டாசி முடிவில் பதினான்காவது வந்தது. அதற்குள் மழை தொடங்கிவிட்டது. கழிவெளி ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், ஸ்விட்ச் போர்டு திருகெல்லாம் பச்சை. அந்தக் குரல் ஓடும்போது பெட்டியின் டிக் டிக் இடையிடையே கேட்டது. நான் விரலில் எண்ணிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடத்தில் இருபத்துமூன்று. அவன் என்ன சொன்னான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் மடியில் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம், காலை ஏழு பத்துக்குப் பெட்டியைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. உள்ளே டிக், டிக், டிக் என்று மூன்று மூன்றாகத் தட்டிவிட்டு நின்றது. நான்கு தடவை அணைத்துப் போட்டேன். ஐந்தாவது தடவை தட்டவும் இல்லை.

திண்டிவனத்தில் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, இது முடிஞ்சுது. கெட்ட எடம் வர ஆரம்பிச்சா உள்ள இருக்குறத வெளிய எடுத்துட்டு, தொடாம விட்ரணும். நீங்க என்ன பண்ணீங்க?"

தினமும் இரண்டு வேளை அடுக்கினேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாருடைய மானிட்டரையோ திறக்கப் போய்விட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை எழுதத்தான் வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பதினொன்றை நான் அழித்ததை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாமே போய்விட்டது.

அவளிடம் டிஸ்க் செத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "புதுசு வந்தா இதுலயே வந்துருவானில்ல?" என்றாள். வருவான் என்றேன். புதுசு எதுவும் வரவில்லை. மரக்காணம் பிரவுசிங் சென்டரில் போய் என் மெயிலைப் பார்த்தேன், வாரம் மூன்று தடவை. கேரளாக்காரருக்கு ஐந்து மெயில் எழுதினேன். பதில் இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. அவன் போய்ப் பதினோரு மாதம், குரல் நின்று மூன்று மாதம்.

தை பிறந்ததும் அவளை அழைத்துக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன். ஏஜென்ட் தன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, முதலில் எடுத்த கம்பெனி ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது, எங்கே என்று தனக்குத் தகவல் இல்லை என்றார். பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பாய், வளைகுடாவில் பதினெட்டு வருஷம் இருந்து திரும்பியவர், இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தம்பி அந்த ஊர்லதான் டிரைவரா இருக்கான். வெள்ளிக்கிழமை லீவு. போய்ப் பாருடான்னா பாப்பான். ஆனா எங்கன்னு பாப்பான்? கேம்ப் ஆயிரம் இருக்குது அங்க. ஏதாச்சும் ஒரு அடையாளம் சொல்லுங்க. பக்கத்துல என்ன இருக்குது, என்ன வேலை. உங்ககிட்ட எதுவும் சொல்லலியா அவன்?"

அவள் ரோட்டோரம் காத்திருந்தாள், இது அவள் காதில் விழவில்லை. எல்லாமே அந்தப் பதினொன்றில் இருந்தது. கேம்ப் மாறியதை அவன் அதில்தான் சொன்னான். அது மட்டும் எனக்கு நினைவிருந்தது. எந்த இடம், என்ன அடையாளம் என்பது நினைவில்லை. என் நோட்டில் அந்தக் குரலின் எம்பி இருக்கிறது, விநாடி இருக்கிறது. ஒரு சொல் இல்லை.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில், பாய் கேட்டதையும் சேர்த்து, அவளிடம் சொல்லிவிட்டேன். டிஸ்க் சாவதற்கு முன்பே பெரிய பேச்சை நான் அழித்தேன், இடம் போதவில்லை என்று அழித்தேன், பிறகு பொய் சொன்னேன். மீதியும் என்னால்தான் போனது. கெட்டுப்போன டிஸ்க்கை, அளம் மாதிரி நினைத்துக்கொண்டு, தினமும் இரண்டு வேளை வாரினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், கீழருந்து ஊறுற பாத்தியில கால வெக்கக் கூடாதுன்னு நீங்கதான எங்கள வெரட்டுவீங்க. ஒரு பக்கம் ஊறுனா அடுத்த பாத்தியும் அப்படித்தான் ஊறும், இருக்குற உப்ப அள்ளி மேட்டுல போட்டுட்டு வெளிய வாங்கடின்னு கத்துவீங்க. வாருனா சேறுதான வரும்."

ஆமாம், கத்தியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் அவளிடமே கத்தியிருக்கிறேன். எனக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசை, வேறென்ன.

"பேப்பர் பேனா இருக்குதா?" என்றாள்.

"இருக்கு."

"எழுதிக்கிறீங்களா. பெரிய பேச்சச் சொல்றேன்."

அங்கேயே, சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவன் பேசுகிற மாதிரியே, அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. "அம்மா, நான்தான். இப்ப கேம்ப் மாத்திட்டாங்க. பழைய எடத்துலருந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். கல்லு அறுக்குற வேலை. ரோட்டுக்கு அந்தாண்ட பச்ச கலர்ல தண்ணி டேங்க் இருக்குது, அதுல வெள்ளையா ஒரு குதிர வரைஞ்சு வெச்சிருக்கான். இங்க ஒரு தடவ, சார். காலைல எழுந்தா அந்தக் குதிர மொகத்துலதான் முழிக்கிறேன். இங்க சிரிப்பான். நம்ம ஊரு அளத்துல வெள்ளையா பறக்குமே, அது மாதிரி இங்கயும் பறக்குது, ஆனா நாக்குல வெச்சா கரிக்காது. இங்க இன்னொரு தடவ, சார்."

என் பேனா நின்றுவிட்டது. "என்னம்மா இன்னொரு தடவை?"

"இருமல் சார்."

அளத்தில் கூடை சுமக்கும் பெண்கள், கூடைக்கு ஒரு கிளிஞ்சல் என்று இடுப்புப் பையில் போட்டு வருவார்கள். பொழுது சாய்ந்ததும் அவர்கள் எண்ணிக்கையையும் என் நோட்டையும் ஒத்துப் பார்ப்போம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மடியில் விரல் மடக்கியது இதற்குத்தான்.

மெதுவாகக் கேட்டேன். முதல் பத்துப் பேச்சில் எத்தனை?

"ஒண்ணும் இல்ல."

பெரிய பேச்சில் இரண்டு. பன்னிரண்டில் ஆறு. பதின்மூன்றில் பதினொன்று.

"கடைசியில?"

"பதினேழு. அது ரெண்டு நிமிசந்தான சார் பேசுனான்."

அதே இரண்டு நிமிடத்தில் நான் இருபத்துமூன்று எண்ணியிருந்தேன், வேறு ஒன்றை.

பஸ் வந்தது. ஏறவில்லை. மறுபடி கடைக்கு நடந்துபோய், பாயிடம் தாளைக் கொடுத்தேன். பச்சை டேங்க், வெள்ளைக் குதிரை, கல் அறுக்கும் இடம், பழைய கேம்ப்பிலிருந்து இரண்டு மணி நேரம். பாய் படித்துவிட்டு, "இது போதும், கேம்ப்ப கண்டுபுடிச்சிருவான்," என்றார். நான் இன்னொரு வரி எழுதிச் சேர்த்தேன். முதலில் ஆஸ்பத்திரிகளில் பார்க்கச் சொல்லுங்கள் என்று. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் வந்தது. குதிரை வரைந்த டேங்க்கைக் கண்டுபிடித்த பாயின் தம்பி, கேம்ப்பில் இருந்தவர்களிடம் விசாரித்து, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டார். ஐப்பசியிலிருந்து அங்கே இருக்கிறானாம். ரிஜிஸ்டரில் அவன் பெயரை வேறு ஏதோ மாதிரி எழுதியிருந்தார்களாம். உயிர் இருக்குது, நடக்கிறான், அதிகம் பேச வேண்டாம்னு சொல்லியிருக்காங்க என்றார் பாய்.

சித்திரையில் வந்து சேர்ந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது என்று பாண்டிச்சேரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னதாக வெள்ளை. எவ்வளவு நல்ல இடம் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் படத்தை உறையில் போட்டார். இனி தூசியில் வேலை வேண்டாம், உப்பளத்துக்கும் போக வேண்டாம், காற்றோட்டமாக இருக்கட்டும் என்றார்.

அந்த வருஷம் அளத்தில் வரப்பு கட்டி மறுபடி நீர் பாய்ச்சினார்கள். அவள் விடியற்காலையில் கூடையோடு போய்விடுவாள். கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே துணி போர்த்தியபடி இருந்தது. மகள் புது டிஸ்க் போட்டுத் தருகிறேன் என்றாள், நாற்பது ஜிபி. வேண்டாம் என்றேன்.

காலையில் காபி குடித்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்காருவேன். இரண்டு வீடு தள்ளி, அவன் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் திறந்திருக்கும். தெருவில் சத்தம் குறைவான நேரம் அது. சித்திரை கடைசி வாரம், ஒரு மணி நேரத்தில் ஒன்பது. வைகாசியில் பன்னிரண்டு.

"என்ன எழுதறீங்க?" என்றாள் மனைவி ஒருநாள்.

ஒன்றுமில்லை என்றேன். அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள், அன்று கேலி எதுவும் பேசவில்லை. ஆனியில் பதினாறு.